ரெண்டாவது மிஷின் வர்ற அன்னிக்கு

இல்ல சார், அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஆடும். சேர் மேல தப்பு இல்ல, தரைதான் சாஞ்சிருக்கு. ஓ, தரையும் நல்லாதான் இருக்கா? சரி, அப்ப அதுலயே உக்காருங்க. பாத்து... பாத்துன்னேன்ல? இந்தாங்க, இந்த பிளாஸ்டிக் ஸ்டூல். இது யார் பக்கமும் சாயாது.

அம்மா வந்துடுவாங்க. அறிமுகம்லாம் வேணாம் சார், நீங்க கதிரேசன் சார்னு இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். மெட்ரோ சுரங்க வேலைய எடுத்திருக்கற கம்பெனில பப்ளிக் ரிலேஷன்ஸ். எங்க தெருவுல உங்களுக்கு வேற ஒரு பேர் வச்சிருக்காங்க, அத நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வர்றவங்கள மரியாதையா நடத்தணும்னு எங்கம்மா அடிக்கடி சொல்லுவாங்க. நான் ஃபிரெடி. ப்ளஸ் டூ முடிச்சாச்சு. ஆமா சார், அந்த ஃபிரெடியேதான். உங்க மீட்டிங்ல மைக்க புடுங்கினவன்.

அத இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா? அன்னிக்கு என்ன சார் பெரிசா பண்ணிட்டேன்? பங்குக் கோயில் ஹால்ல தெருவே உக்காந்திருந்தது. நீங்க பிளாட்பாரம் எவ்ளோ அழகா வரப்போவுதுன்னு ஸ்கிரீன்ல காட்டிட்டு ஒண்ணுக்கு போனீங்க. மைக் சும்மா கெடந்தது. நான் அந்த ஸ்டேஷன் அக்கா குரல்ல ஒரே ஒரு அறிவிப்பு குடுத்தேன். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கல்லேரி நிலையம் வந்துகொண்டிருக்கிறது, உங்கள் வீடு இடது புறமாக இறங்கும். அவ்ளோதான். ஜனங்க சிரிச்சாங்க. சிரிக்கறது தப்பா? நீங்க வந்து பாத்ததும் எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க, அது வேற விஷயம்.

பேப்பர டேபிள் மேல வைங்க. இல்ல, நான் தொடல. போன தடவையே படிச்சுட்டேன். நியூஸ் வாசிக்கறவர் குரல்ல படிச்சாத்தான் அதுக்கு ஒரு கெத்து வருது. கேளுங்க. மேற்படி வீட்டில் ஏற்பட்டுள்ள விரிசல்கள் யாவும், உரிமையாளர் அறிவிக்கத் தவறிய ஆழ்துளைக் கிணற்றின் காரணமாக ஏற்பட்டவை என்று ஒப்புக்கொள்கிறேன். கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ எங்கம்மா பேரு, ரோஸி ஏசுதாசன். கையெழுத்து போட்டா வெஸ்ட் தாம்பரத்துல ஏசி ரூம், சாப்பாடு, சுரங்கம் தோண்டற மிஷின் தாண்டிப் போற வரைக்கும் ஓசி. போடலன்னா இங்கயே இருந்துக்கலாம், வீடு சேஃப்தான். இதானே சார் நீங்க சொன்னது? மெரட்டலா? சீச்சீ, மெரட்டல்னு யார் சொன்னா? சாய்ஸ். சரி, சாய்ஸ்.

இன்னிக்கு மதியத்துக்கு மேல உங்க ரெண்டாவது மிஷின் எங்க வீட்டுக்கு அடியில நுழையுது. தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டு லாட்ஜுக்குப் போயிட்டாங்க. செல்லம்மா அக்கா நேத்து போன்ல சொல்றாங்க, ஏய் ஃபிரெடி, இங்க வந்து பாருடா, பாத்ரூம்ல சுடுதண்ணியும் பச்சதண்ணியும் ஒரே கொழாயில வந்துகினு கீது, நாங்க மூணு தபா குளிச்சிட்டோம். மிச்சம் நாங்கதான். கால்ல ராடு வச்சு நடக்க முடியாத எங்கப்பா, எங்கம்மா, நான், அப்புறம் உங்க தலைக்கு மேல இருக்கற அந்தத் தளம். என்ன, மேல பாக்கறீங்க? அது விரிசல் இல்ல சார், உங்க ரிப்போர்ட்படி அது பெயின்ட் உரிஞ்சது.

அம்மாவுக்குப் போன் பண்றீங்களா? பண்ணாதீங்க, அவங்க போன் இதோ, என் பாக்கெட்லதான் இருக்கு. மறந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. வருவாங்க சார். நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருப்போம். உங்களுக்கு எங்ககூட பேசறதுதானே வேல?

உங்க ஆபீஸ்லேருந்து மிருதுளான்னு ஒரு அக்கா வந்திருந்தாங்க, தெரியுமா? ஸ்டேஷனுக்குள்ள சுவர்ல இந்த இடத்தோட வரலாறு எழுதி, படமெல்லாம் ஒட்டப் போறாங்களாம். தெரு தெருவா கேட்டுக்கிட்டு வந்தாங்க. நல்ல அக்கா, ஜூஸ் குடுத்தா குடிச்சாங்க, உங்கள மாதிரி கையால தள்ளல. நான் அவங்களுக்கு மொத்த வரலாறையும் ரேடியோக்காரர் மாதிரி சொன்னேன். முதலில் இங்கே பாறை இருந்தது. பாறையை உடைத்து விற்றார்கள், பள்ளம் ஆனது. பள்ளத்தில் மழை பெய்தது, ஏரி என்றார்கள். ஏரியில் குப்பை கொட்டினார்கள், நகர் என்றார்கள். நகருக்குள் இப்போது ஓட்டை போடுகிறார்கள், நிலையம் என்கிறார்கள். அந்தக்கா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, ஏரின்னு மட்டும் எழுதிக்கிட்டாங்க. இப்ப பாருங்க, உங்க தகரத் தடுப்புல கொக்கு படம், தாமரை படம். கல்லேரில எங்க சார் தாமரை இருந்துச்சு? செத்துப்போன எருமைதான் மெதந்துச்சு.

ஸ்டேஷன் வர்ற இடத்துல கல்யாண மண்டபம் இருந்ததே, அதுவாவது ஞாபகம் இருக்கா? நீங்க இடிச்சதுதானே. எங்கப்பா அம்மாவுக்கு ரிசப்ஷன் அங்கதான். அதுக்குப் பக்கத்துல சாலமோன் அண்ணன் ஜெராக்ஸ் கட. காட்டாங்குளத்தூர் காலேஜ் பசங்க ட்ரெயினுக்குப் போற வழில அங்க நின்னு அசைன்மென்ட் ஜெராக்ஸ் எடுப்பாங்க, அவரும் ஒவ்வொருத்தனையும் திட்டிக்கிட்டே எடுத்துக் குடுப்பாரு. எவன்டா இவன், ஸ்டேப்ளர் பின்னோட குடுக்கறான், உன் மார்க்குக்கு இந்தப் பின்னே அதிகம்டா. நல்லா பண்றேனா? இப்ப அவரு மாடம்பாக்கத்துல மச்சான் கடையில உக்காந்திருக்காரு, யாரையும் திட்டறதில்ல. மண்டபம் போச்சு, கட போச்சு, பஸ் ஸ்டாப் போச்சு. தெரு முழுக்க தகரம். தகரத்துல ஒரு ஃபேமிலி படம் வரைஞ்சிருக்கீங்க, அப்பா அம்மா ரெண்டு கொழந்த, எல்லாரும் பல்லக் காட்டிக்கிட்டு மெட்ரோல போறாங்க. யார் சார் அவங்க? இந்தப் பக்கத்து ஆளுங்க இல்ல. இந்தப் பக்கத்து ஆளுங்க உங்க தகரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவுல ஒருக்களிச்சுதான் நடக்கறாங்க.

சுந்தரி டீச்சரோட மாமியார் செத்தப்போ என்ன நடந்துச்சு தெரியுமா? தெருவுக்குள்ள சொர்க்க ரதம் வர முடியல. பெட்டியத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. பாதி வழில எதிர்க்க உங்க மண் லாரி, ரிவர்ஸ்ல. அதோட பாட்டு தெரியும்ல? டிங் டிடிங் டிங், டிங் டிடிங் டிங். லாரிக்காரரு கண்ணாடியில பாக்கறாரு, பெட்டி தெரியுது, ஆனா அவரு பின்னாடி இன்னொரு லாரி. கடைசில யாரு ரிவர்ஸ் எடுத்தாங்க? பெட்டிதான். பாதிரியார் முன்னாடி ஜெபம் சொல்லிக்கிட்டே பின்னாடி நடக்கறாரு, பின்னாடி இருந்தவங்க இப்ப முன்னாடி. மகனே ஃபிரெடி, வழி விடப்பா வழி விடப்பான்னு ஒரு பக்கம், டிங் டிடிங் டிங் ஒரு பக்கம். நான் சிரிச்சேன். எங்கம்மா கிள்ளினது இன்னும் வலிக்குது. நீங்க சிரிக்கல? ஓ, நீங்க அன்னிக்கு ஒரு மாலை அனுப்பி வச்சீங்க. ஆமா ஆமா, கம்பெனி பேரு பெரிசா போட்டு. அதுவும் பெட்டிக்கு மேல வைக்க எடம் இல்லாம லாரி மேல வச்சாங்க.

போர்வெல் விஷயத்துக்கு வர்றேன் இருங்க. நீங்க அதத்தான் கேக்கப் போறீங்க, எப்பவும் அதத்தான் கேப்பீங்க. ஏன்ப்பா போர் இல்லன்னு பொய் சொன்னீங்க?

சொன்னோம். தெருவே சொல்லுச்சு. ஐடியா எங்களோடது இல்ல, அசோசியேஷன் செக்ரட்டரி ஷ்யாம்சுந்தர் அங்கிளோடது. பேங்க்ல மேனேஜரா இருந்து ரிடையர் ஆனவரு, அவரு மீட்டிங்ல நிக்கறதே செக் திருப்பி அனுப்பற மாதிரிதான் இருக்கும். டியர் மெம்பர்ஸ், மெட்ரோ சர்வேக்கு ஆள் வருவா. போர்வெல் இருக்கான்னு கேப்பா. இருக்குன்னு சொன்னேள்னா சீல் வச்சுடுவா. அப்புறம் மே மாசம் தண்ணி லாரி பின்னாடி கொடத்தோட ஓட வேண்டியதுதான். ஸோ, யுனானிமஸா, நம்ம தெருவுல போரே கெடையாது. எல்லாரும் கை தூக்கினாங்க. இந்தப் பக்கத்துல தண்ணிய விட பெரிய சாமி எது சார்? எங்க ஊர்ல பொண்ணு பாக்க வர்றவங்களே மொதல்ல போர் எத்தன அடின்னுதான் கேப்பாங்க.

அப்புறம் ஒளிக்கற வேல ஆரம்பிச்சுது. செல்லம்மா அக்கா போர் மேல துணி தொவைக்கற கல்லத் தள்ளி வச்சாங்க. ஞானஜோதி டீச்சர் பெரிய குரோட்டன்ஸ் தொட்டி வாங்கி வச்சாங்க. எங்கப்பாவுக்கு எதையும் பாதியா பண்ணத் தெரியாது. எலக்ட்ரிஷியன் மூளை, வயர மறைக்கணும்னா சுவரயே பூசிடுவாரு. போர் மேல குகை மாதிரி ஒரு மாதா கெபி கட்டிட்டாரு. ஆமா சார், வாசல்ல இருக்கே அதேதான். நீல பெயின்ட், செயற்கைப் பாறை, சீரியல் பல்பு. பங்குச் சாமியாரக் கூப்பிட்டு மந்திரிச்சும் ஆச்சு. அவருக்கு அடியில பைப் இருக்கறது தெரியாது. எங்கம்மா அந்த வாரம் முழுக்க பாவசங்கீர்த்தனத்துக்கு, அதான் பாவ மன்னிப்பு கேக்க, போறேன் போறேன்னு சொல்லிட்டுப் போகவே இல்ல.

சர்வேக்கு வந்த பையன் நல்ல பையன். ஹெல்மெட்டக் கழட்டி மாதாவக் கும்பிட்டுட்டு, ஆன்ட்டி, போர் இருக்கான்னு கேட்டான். எங்கம்மா மாதா மூஞ்சியப் பாக்காம, செருப்பப் பாத்துக்கிட்டே இல்லப்பான்னாங்க. அந்த நேரம் பாத்து மேல டேங்க்ல தண்ணி கொறைஞ்சு, ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்டுக்கிச்சு. மாதா காலுக்கு அடியில உர்ர்ர்ருனு. இது என்ன சத்தம்னு அவன் கேக்கறான். நான் மேல கை காட்டி, ஏர்ஃபோர்ஸ் பிளேன்னு சொல்லிட்டேன். தாம்பரத்துல எந்தச் சத்தத்துக்கும் ஏர்ஃபோர்ஸ் மேல பழி போடலாம் சார், ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அவன் மேல பாத்தான், எழுதிக்கிட்டான், போயிட்டான்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எங்க தெருவுல விடியக்காலைல ஒரு தடவ நடந்து பாத்திருக்கீங்களா? இந்தக் கோடில உர்ர்ர், அந்தக் கோடில ஙொய்ய்ங், ஷ்யாம்சுந்தர் அங்கிள் வீட்டு மோட்டார் மட்டும் ஆஸ்துமா வந்த மாதிரி க்ஹ க்ஹ க்ஹனு. போர் இல்லாத தெருவுல மோட்டார் எதுக்கு சார்? டேங்க் மேல குருவி ஏத்தவா? உங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். இருக்குன்னு எழுதினா ஒவ்வொண்ணா தேடி அடைச்சுட்டுத்தான் மிஷின் வரணும், வேல லேட்டாகும். நாங்க பொய் சொன்னோம், நீங்க ஆசையா வாங்கிக்கிட்டீங்க. அதுக்கு உங்க பேப்பர்ல ஒரு கோடு கூட இல்லியே?

தண்ணி வேணுமா? வேணாம்? சரி.

அப்புறம் மொத மிஷின் வந்துச்சு. கிறிஸ்மஸுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம. நாங்க பூசை முடிஞ்சு வந்து எறா தொக்குக்கு வெங்காயம் வதக்கிக்கிட்டு இருக்கோம், வெளிய செல்லம்மா அக்கா கத்தறாங்க. ஏ ரோஸி, இன்னா உள்ள குந்திகினு கீற, வெளிய வந்து பாரு, மாதா காலாண்ட பாலு பொங்கிகினு கீது. ஓடிப் பாத்தா நெஜமாவே பொங்குது சார். வெள்ளையா, கொழகொழன்னு, நொரையோட. எங்கம்மா அப்படியே முட்டி போட்டுட்டாங்க. அப்புறம் என்ன, அர மணி நேரத்துல தெரு ரொம்பிடுச்சு. செல்லம்மா அக்கா சொம்பு எடுத்துட்டு வந்து புடிக்கறாங்க. மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்க்கிட்டிருந்த ரெண்டு ஷேர் ஆட்டோ அப்படியே இங்க திரும்பிடுச்சு. எந்த சாமியா இருந்தா இன்னா, பால் பால்தானேன்னு டிரைவர் அண்ணன் இறங்கி வர்றாரு. ஞானஜோதி டீச்சர் வேற சபை, சிலையெல்லாம் ஆகாது அவங்களுக்கு. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டு, சிலையை வணங்குகிற ஜனங்களுக்கு ஆண்டவர் எச்சரிப்பு அனுப்புகிறார், ரோஸி, கவனி, அப்படீன்னு சொல்றாங்க, கை மட்டும் செவத்துக்கு மேல வந்து வீடியோ எடுக்குது.

எங்கப்பா மட்டும் வெளுத்துப் போயிட்டாரு. அவருக்குத்தான் தெரியுமே, அடியில என்ன இருக்குன்னு. மெதுவா ஏணியப் போட்டு சீரியல் பல்பக் கழட்ட ஆரம்பிச்சாரு, ஈரத்துல ஷாக் அடிச்சுடக் கூடாதுன்னு. அப்பதான் உங்க இன்ஜினியர் ஓடி வந்தாரு. வடக்கத்திக்காரரு, ராகேஷ்னு பேரு, சின்ன வயசு. கூட்டத்தப் பொளந்துகிட்டு வந்து பாலத் தொட்டுப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, அப்படியே படியில உக்காந்துட்டாரு. ஆன்ட்டி, நீங்க போர் இல்ல போலா. ஏன் ஆன்ட்டி? இது தூத் இல்ல, பால் இல்ல, நம்ம மிஷின் மிட்டி, மண்ணு. அரே, ஓட்டம், எல்லாரும் ஓட்டம். சுரங்கத்துல மண்ணு சரியாம இருக்க சேத்துத் தண்ணிய அழுத்தி அடிப்பீங்களாம்ல, அது எங்க போர் வழியா மேல ஏறிடுச்சு. அது மேல வந்துச்சுன்னா, அடியில அந்த எடம் காலி. அதான் அவரு கத்தினாரு. உங்க மொத்தக் கம்பெனிலயும் எங்களுக்காக பயந்தவரு அவரு ஒருத்தருதான், அவரையும் வேற சைட்டுக்கு மாத்திட்டீங்க.

ஜனங்க ஓடினாங்க. செல்லம்மா அக்கா சொம்போட ஓடினாங்க. அப்ப ஒரு சத்தம் வந்துச்சு சார்.

எனக்கு எல்லா சத்தமும் வரும். ஏர்ஃபோர்ஸ் பிளேன் வரும், மின்சார ரயில் கதவு வரும், எங்க ஹெட்மாஸ்டர் மூக்கு சிந்தறது வரும். இந்தச் சுவர் பிரிஞ்ச சத்தம் மட்டும் வரல. எத்தனையோ தடவ மொட்ட மாடில நின்னு முயற்சி பண்ணிட்டேன். பட்டுத் துணி கிழியற மாதிரின்னு எங்கம்மா சொல்றாங்க. இல்ல. அது துணி இல்ல.

வாசப் பக்கம் ரெண்டு வெரக்கடை எறங்கிடுச்சு. ஏணி சரிஞ்சுது. எங்கப்பா கெபி மேலயே விழுந்தாரு, தொடை எலும்பு ரெண்டா. மாதாவுக்கு ஒண்ணும் ஆகல. எங்கப்பா ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்சதும் கேட்ட மொத கேள்வி, பல்பக் கழட்டிட்டேனாடா?

இது எல்லாம் எங்க போர் பண்ணினது, எங்க தப்புன்னு எங்கம்மா எழுதிக் குடுக்கணும். அந்தக் கோட்டுல. எழுதிக் குடுத்தா காலும் எங்க தப்பு, செவரும் எங்க தப்பு, நாளைக்கு இந்தத் தளம் எறங்கினா அதுவும் எங்க தப்பு. அது தெரிஞ்சுதான் அவங்க போடல. படிச்சது எட்டாவதுதான், ஆனா எங்கம்மாவுக்குக் கோடு எங்க போகுதுன்னு தெரியும். நீங்க எத்தன தடவ வந்தீங்க? எங்கம்மா ஒவ்வொரு தடவையும் காப்பி குடுத்து அனுப்பினாங்க. நேத்து ராத்திரி ஜெபத்துல மட்டும் அழுதாங்க. எங்கப்பா சொன்னாரு, ரோஸி, நீயும் அவனும் போயிடுங்க, நான் இருந்துக்கறேன், என்னால ஆகாது. அந்தக் குரல் எனக்கு நல்லா வரும் சார். பண்ணிக் காட்ட மாட்டேன்.

என்ன சார், எழுந்துட்டீங்க?

ஓ, தரை அதிருதா? ஆமா, நானும் பாத்தேன். பல்லு கூசற மாதிரி கால் வழியா ஏறுதுல்ல? மதியத்துக்கு மேலன்னு சொன்னீங்க, கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு போல. சுறுசுறுப்பு. உக்காருங்க சார், வீடு சேஃப்தானே. நீங்களே சொன்னதுதானே, கீழ மிஷின் போறப்போ மேல டீ குடிச்சுக்கிட்டு இருக்கலாம்னு. டீ போடட்டுமா? மெதுவா, அந்தக் கதவ இழுக்காதீங்க, அது அந்த ஞாயித்துக்கெழமலேருந்து முழுசா தொறக்கறதும் இல்ல மூடறதும் இல்ல. தோளச் சாச்சு வெளிய வரணும். எல்லாரும் அப்படித்தான் வர்றோம்.

யாரு, அப்பாவா? பரவாயில்லையே, அவர் ஞாபகம் வருதே உங்களுக்கு. உள்ள போய்ப் பாருங்க. தைரியமா போங்க. கட்டில் காலி சார்.

அவரு காலைலயே லாட்ஜுக்குப் போயிட்டாரு. அம்மாவும் கூடப் போயிட்டாங்க. இல்ல, கையெழுத்து போடல. ஏன் போடணும்? நீங்கதான் வேணாம்னு சொல்லிட்டீங்களே. போன்ல. நீங்கதான் சார். லாட்ஜ் மேனேஜருக்குப் போன் போட்டு, ஹலோ, கதிரேசன் பேசறேன், இது புது நம்பர்யா. சீ, ஒண்ணு புரிஞ்சுக்கணும், கல்லேரி தெருவுல இன்னொரு ஃபேமிலி பாக்கி இருக்கு, பேஷன்ட் கேஸு, பேப்பர் வேணாம், கீழ் ரூம் குடு, மாடி ஏத்தின, உன் பில்ல பாஸ் பண்ண மாட்டேன், பேசிக்கலி புத்தி இருக்கா உனக்கு? அவரு மொதல்ல கொஞ்சம் யோசிச்சாரு. புத்தி இருக்கான்னு கேட்டதும் நம்பிட்டாரு. அப்புறம் உங்க சைட் வண்டி டிரைவருக்கு ஒரு போன். நாலு பேர் வந்து எங்கப்பாவ மெத்தையோட தூக்கினாங்க. ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்ல. நல்ல பசங்க.

உங்க குரல் கஷ்டமே இல்ல சார். தொண்டைய ஒரு தடவ கனைச்சுட்டு, எதிராளு ஏற்கெனவே தப்பு பண்ணிட்ட மாதிரி ஆரம்பிச்சாப் போதும்.

நீங்க ஆபீஸ்ல உக்காந்திருந்தா டிரைவர் ஒரு வார்த்த உங்களக் கேட்டிருப்பாருல்ல? அதான் எங்கம்மா போன்லேருந்து உங்களுக்கும் பண்ணேன். சார், நான் ரோஸி பேசறேன், முடியல சார், வந்துடுங்க, போட்டுடறேன். எங்கம்மா குரல்ல அழறது மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. ஆனா நீங்க உடனே வண்டி எடுத்துட்டீங்க.

எங்கம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. நீங்க மனசு மாறிட்டீங்கன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க. வண்டில ஏறறப்போ என்ன சொன்னாங்க தெரியுமா? பாத்தியாடா ஃபிரெடி, நீ அந்த மனுஷன என்னெல்லாம் பேசின, அவருக்கும் மனசு இருக்குடா. இப்ப அந்த ஏசி ரூம்ல உக்காந்து உங்க பேரச் சொல்லி ஜெபமாலை உருட்டிக்கிட்டு இருப்பாங்க. நான் பின்னாடி துணி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு நின்னுட்டேன். நீங்க வர்றப்போ வீட்டுல யாராவது இருக்கணும்ல?

திட்டுங்க சார், திட்டுங்க. போலீஸா? கூப்பிடுங்க. ஆனா வெளிய வந்து கூப்பிடுங்க, அந்த நெலைக்குக் கீழ நிக்காதீங்க, மண்ணு உதுருது உங்க தலையில. தோளச் சாய்ங்க. அப்படி. வந்துட்டீங்களா? இப்ப கொஞ்சம் பரவாயில்ல.

போன் அடிக்குது பாருங்க. லாட்ஜ்காரரு. எங்க பேரு அவருக்கு நீங்க அனுப்பின லிஸ்ட்ல இல்லன்னு இப்பதான் பாத்திருப்பாரு. எடுங்க. ரொம்ப சிம்பிள் சார். நான் சொல்லல, எவனோ பொறுக்கிப் பையன் என் குரல்ல பேசியிருக்கான், அந்தக் கால் ஒடிஞ்ச ஆள மெத்தையோட தூக்கி ரோட்ல வைன்னு சொல்லணும். அவ்ளோதான். நான் உங்க குரல்ல அவங்க இருக்கட்டும்னுதான் சொன்னேன், வெளிய தள்ளுன்னு சொல்ல எனக்கு வராது. அத நீங்கதான் சொல்லணும்.

என்ன சார், கட்டாகப் போவுது. எடுங்க. எடுத்தாச்சுல்ல, பேசுங்க. அவரு ஹலோ ஹலோங்கறாரு பாருங்க.

வரலையா? குடுங்க இங்க, உங்க குரல்ல நானே பேசிடறேன்.